தாரா மலையில் பஞ்சர்

அவிநாசி
2 மார்ச் 2025

அன்புள்ள தரணிக்கு,

இனி உனக்கு மெயிலில்தான் எழுதப் போகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா என் போனை எடுத்துப் படித்துவிடுகிறாள். பேசலாம் என்றால் பாதியில் பிடுங்கி, "சாப்பிட்டியா கண்ணு" என்று ஆரம்பித்து அழுகையில் கொண்டுபோய் முடிக்கிறாள். கம்பெனிக் கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் அவள் வருவதில்லை.

விஷயம் இரண்டு. எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. தாராபுரத்துப் பெண், பெயர் தேஜஸ்ரீ, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆவணியில் முகூர்த்தம். முப்பத்து நாலு வயதில் என்ன அவசரம் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். நான் சைக்கிள் ஓட்டுவேன் என்று சொன்னதும் மற்ற பெண் வீட்டார் எல்லாம் "கார் இல்லீங்களா?" என்று விசாரித்தார்கள். இந்தப் பெண் மட்டும் "எவ்வளவு தூரங்க போவீங்க?" என்று கேட்டாள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது, உன் ஊருக்குப் பக்கத்து டப்ளினில் சைக்கிள் உடை விற்கிற ஒரு கம்பெனி நம் ஜெர்சி சாம்பிளைப் பார்த்துவிட்டு நேரில் வரச் சொல்லியிருக்கிறது. ஏப்ரல் கடைசியில் வருகிறேன். வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும். மீதி நாலு நாளைக்கு எனக்கு ஒரு ரூட் போட்டுக் கொடு. உன் சைக்கிள் கிளப் ஆட்களுக்கு ஞாயிறுதோறும் போடுகிறாயே, அண்ணனுக்கு ஒன்று போட்டால் குறைந்தா போய்விடுவாய்? கோட்டை, பழைய மடம், சமாதி, எல்லாம் வேண்டும். சைக்கிள்காரர்களுக்கு உடை தைத்தே காலம் போகிறது. லாரி இல்லாத ரோட்டில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். போன வாரம் பல்லடம் ரோட்டில் ஒரு தனியார் பஸ்காரன் என் காதுக்குள்ளேயே ஹாரன் அடித்தான். பக்கத்திலேயே கோழி வண்டி வேறு. இரண்டு நாளுக்கு என் ஹெல்மெட்டில் இறகு வாசம்.

அன்புடன்
சசிகுமார்

*

நாவன், அயர்லாந்து
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா,

அண்ணியைப் பற்றி இவ்வளவு சின்னதாக எழுதினால் எப்படி? போட்டோ அனுப்புங்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு தடவை படித்துவிட்டு, ஆபீஸில் எல்லோருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்.

ரூட் தயார். நானும் லீவு போட்டுவிட்டேன், சேர்ந்தே ஓட்டலாம்.

முதல் நாள் நாவனிலிருந்து ட்ரிம். பாதி வழியில், பாயின் ஆற்றங்கரையில் பெக்டிவ் என்று ஒரு பழைய மடம் இருக்கிறது. துறவிகள் வெளியேறிப் பல நூறு வருடமாகிவிட்டது. கூரை கிடையாது, டிக்கெட் கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது. சைக்கிளைச் சாத்திவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ட்ரிம்மில் ஊருக்கு நடுவிலேயே கோட்டை. இரண்டாம் நாள் தாரா மலை. மலை என்பது பேருக்குத்தான், நம் ஊர் ஆட்கள் அதை மேடு என்பார்கள். ஆனால் அயர்லாந்து ராஜாக்களுக்குப் பட்டம் கட்டிய இடம். அங்கே நட்டுவைத்த கல் ஒன்று உண்டு. உண்மையான ராஜா தொட்டால் கல் சத்தம் போடுமாம். மூன்றாம் நாள் ஸ்லேன் குன்று, அப்புறம் நியூகிரேஞ்ச். எகிப்து பிரமிடுக்கும் முந்தைய சமாதி. நாலாம் நாள் கெல்ஸ். அங்கே ஆள் உயரத்துக்கு மேலே கற்சிலுவைகள், பைபிள் கதை முழுக்க கல்லிலேயே செதுக்கியிருப்பார்கள்.

சில குறிப்பு. ரோட்டின் நடுவில் புல் முளைத்திருந்தால் வழி சரி. புல் இல்லையென்றால் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டீர்கள், திரும்புங்கள். எதிரே வரும் டிரைவர்கள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அது வணக்கம், சண்டைக்கு இல்லை. மழை வருமா என்று கேட்காதீர்கள். வரும்.

இப்போது என் விஷயம். இணைச்சீர் நான்தானே செய்யப் போகிறேன்? மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்கிற சீர் அது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். சேலையின் ஒரு முனையை நீங்களும் மறு முனையை நானும் பிடித்து நிற்கிறதை, அடுத்தவர் கல்யாணங்களில் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். விவாகரத்து ஆனவள் மேடை ஏறலாமா என்று யாராவது வாயைத் திறப்பார்கள். யார் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முன்னால் நீங்கள் பேசி வைத்துவிடுங்கள்.

தரணி

*

அவிநாசி
16 மார்ச் 2025

அன்புள்ள தரணிக்கு,

ரூட் பிரமாதம். எனக்கு ஐம்பத்து நாலு சைஸில் வாடகைச் சைக்கிள் சொல்லி வை. சீட்டு மட்டும் என்னுடையதையே கழற்றிக் கொண்டுவருகிறேன்.

இணைச்சீர் விஷயம் பார்க்கலாம். அப்பா போனபிறகு நம் வீட்டில் எதுவானாலும் பெரியப்பா வீட்டைக் கேட்டுத்தானே நடக்கிறது. பெரியம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். நேரில் பேசிக்கொள்ளலாம்.

தேஜஸ்ரீ போட்டோ இணைத்திருக்கிறேன்.

சசிகுமார்

*

டப்ளின்
3 மே 2025

தரணி,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். மெயிலையாவது திறப்பாய் என்று எழுதுகிறேன். நாளை காலை விமானம்.

கோபம் இருக்கட்டும். ஆனால் பம்ப், டியூப், டயர் கழற்றும் கரண்டி எல்லாம் உன் பையில் இருந்ததே. அந்த மழையில் ஒரு மனுஷனைத் தாரா மலை மேல் விட்டுவிட்டுப் போகும்போது அதைக் கீழே போட்டுவிட்டாவது போகக் கூடாதா? உன் பின்னாலேயே இறங்கினேன். வேலியோரத்து முள் ஏறி முதல் வளைவிலேயே டயர் காற்றுப் போய்விட்டது. நாவன் திசையில் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு டிராக்டர்காரர் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் அவர் எதிரே வருகிறவர்களுக்கு விரலைத் தூக்க, நானும் தூக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் உன் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்குள் ஒரு ரூம் எடுத்தேன்.

மீதி இரண்டு நாளும் உன் ரூட் தாளை வைத்துக்கொண்டு தனியாகவே ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட வழி தவறவில்லை. "சிவப்புக் கதவு வீடு தாண்டி இடது, நாய் குரைக்கும், கடிக்காது" என்று எழுதியிருந்தாய். குரைத்தது, கடிக்கவில்லை. நியூகிரேஞ்ச் சமாதிக்குள் எங்களை நிற்கவைத்து விளக்கை அணைத்தார்கள். மார்கழி மாதத்துச் சில நாள்களில் மட்டும் விடியற்காலை வெயில் உள்ளே வரை வருமாம். அது எப்படி என்று ஒரு செயற்கை விளக்கைப் போட்டுக் காட்டினார்கள். தரையில் ஒரு கோடு மாதிரி வெளிச்சம் ஊர்ந்து வந்தது. "பாரு" என்று பக்கத்தில் இருந்தவரின் கையைத் தொட்டுவிட்டேன். அவர் ஒரு ஜெர்மன்காரர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தன் மகள் பூங்கொடி இணைச்சீர் செய்யட்டும் என்று சொன்னது பெரியம்மா. நான் சொல்லவில்லை.

சசிகுமார்

*

நாவன்
5 மே 2025

அண்ணா,

பெரியம்மா சொன்னதை நான் குறையாகச் சொல்லவில்லை. வள்ளியாத்தாள் பெரியம்மா அப்படித்தான் சொல்வார், அவர் பெற்ற மகள் பூங்கொடியைத்தான் முன்னால் நிறுத்துவார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றுதான் தாரா மலையில் கேட்டேன். "நான் சரின்னுட்டேன் கண்ணு" என்றீர்கள். அதையும் எப்போது சொன்னீர்கள்? இரண்டு நாள் என்னோடு சிரித்துக்கொண்டே ஓட்டிவிட்டு, என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டபிறகு சொன்னீர்கள். கல் ஏன் சத்தம் போடவில்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கல்யாணம் செய்துவைத்த மாப்பிள்ளை என்னைத் தூக்கி எறிந்து பேசியதைப் பொறுத்துக்கொள்ளாமல் வந்தது நான் செய்த தப்பா? கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீங்கள்தானே துணைக்கு வந்தீர்கள். வெளியே வந்ததும் பேக்கரியில் பப்ஸ் வாங்கிக் கொடுத்து, "உடு கண்ணு, உனக்கு நானிருக்கறன்" என்றீர்கள். பப்ஸ் வாங்கிக் கொடுப்பதற்கு மட்டும்தான் இருந்தீர்களா?

பம்ப் விஷயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். மலையில் நீங்கள் இல்லை. டிராக்டரில் ஏறிப் போனதாக டீக்கடைப் பெண் சொன்னாள். நீங்கள் கதவைத் தட்டியபோது நான் வீட்டுக்குள்தான் இருந்தேன். திறக்கப் பிடிக்கவில்லை.

உங்கள் சீட்டை வாடகைக் கடையில் மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். தபாலில் அனுப்புகிறேன்.

தரணி

*

அவிநாசி
18 மே 2025

அன்புள்ள தரணிக்கு,

சீட்டு இன்னும் வரவில்லை. வேறு ஒன்றில் ஓட்டுகிறேன், இடுப்பு வலி.

நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீ கல்யாணத்துக்கு வா. முதல் வரிசையில் உட்கார். இணைச்சீருக்கு எடுக்கிற அதே மாதிரிச் சேலை உனக்கும் ஒன்று எடுக்கிறேன், இன்னும் ஒரு பங்கு நல்லதாகவே எடுக்கிறேன். அந்தக் கால் மணி நேரம் மட்டும் பூங்கொடி செய்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் முடிந்துவிடும். அம்மாவுக்கும் நிம்மதி. அவள் பெரியம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை என்பது உனக்குத் தெரியும்.

அருமைக்காரர் கிட்டுசாமி தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமா என்றும் நினைத்தேன். நம் கல்யாணச் சீரெல்லாம் நடத்திவைப்பவர் அவர்தானே. பிறகு, இதற்குப் போய் பெரியவரைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டேன்.

சசிகுமார்

*

நாவன்
1 ஜூன் 2025

அண்ணா,

கிளப்புக்கு நீங்கள் அனுப்பிய ஜெர்சி பார்சல் வந்து சேர்ந்தது. தையல் நன்றாக இருக்கிறது. முதுகுப் பாக்கெட் கொஞ்சம் ஆழம் குறைவு, வாழைப்பழம் வெளியே எட்டிப் பார்க்கிறது. பில்லை செயலாளருக்கு அனுப்புங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் கிளப் மேற்குப் பக்கம் போகிறது. மேயோ மாவட்டம், கடலோரமாக நாலு நாள். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், அதில் ஒரு நாள். வழி நடத்த ஆள் கேட்டார்கள். நான் பேர் கொடுத்துவிட்டேன். உங்கள் கல்யாணமும் அந்த வாரம்தான், தெரிந்தேதான் கொடுத்தேன்.

இன்னும் நல்ல சேலை எடுத்துத் தருவதாக எழுதியிருந்தீர்கள். பூங்கொடி மேடையில் நிற்க, நான் அதைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து, "யாருங்க அது?" "மாப்பிள்ளையோட தங்கச்சிங்க." "அப்பறம் ஏனுங்க அந்தப் புள்ள சீர் செய்யுது?" என்று பின் வரிசையில் பேசுவதைக் கேட்க வேண்டுமா? எனக்குச் சீரும் வேண்டாம், சேலையும் வேண்டாம். சடங்கில் எனக்கு நம்பிக்கையும் போய்விட்டது. அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாமல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'யாரு'க்குள் நான் இல்லை போலிருக்கிறது.

தரணி

*

அவிநாசி
13 ஜூலை 2025

அன்புள்ள தரணிக்கு,

உன் மெயிலுக்குப் பதில் எழுத ஒன்றரை மாதமாகிவிட்டது. எட்டுத் தடவை எழுதி அழித்தேன். எழுதுவதில் ஒன்றும் ஆகாது என்று புரிந்தபிறகு எழுதுவதையே விட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிற வேலை என்னிடம் இருந்தது. முகூர்த்த நேரத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். "இணைச்சீர் செய்பவர்: மணமகனின் தங்கை தரணி." அச்சகத்துக்காரர், "இப்படி யாரும் போடறதில்லீங்களே" என்றார். போடுங்க என்றேன்.

முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு என்பது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை எல்லோரும் வேன் வைத்துப் போவதாக ஏற்பாடு. நான் புதன்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துவிட்டேன். ஆனி மாதக் காற்று, காற்றாலை எல்லாம் பேயாகச் சுற்றுகிறது, போகும்போது முழுக்க எதிர்க்காற்று. பூசாரி நல்லான் என்னைச் சைக்கிள் உடையில் பார்த்து முதலில் உள்ளே விடவில்லை. வேட்டியைப் பையில் வைத்திருந்தேன், எடுத்துச் சுற்றிக்கொண்டேன். பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவி, அம்மன் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகக் கிட்டுசாமி தாத்தா வீடு. பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மெதுவாகப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"சாமிகிட்ட வெச்சாச்சுங்களா?"

"வெச்சாச்சுங்க தாத்தா. இப்பத்தான் வாரன்."

"அப்பறம் நான் என்னத்தச் சொல்றது. சாமி காலடிக்குப் போன பத்திரிகைய மாத்தற பளக்கம் நம்மளுக்கு இல்லீங்களே." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்றார். குடித்தேன்.

பெரியம்மா வீட்டுக்கும் நானே போனேன். படித்துவிட்டு அவர் ஆடிய ஆட்டத்தை முழுதாக எழுத முடியாது. "சாமிக்கே தெரியாம சாமிகிட்டப் பத்திரிகை வெச்சிருக்கறான் பாரு" என்றார். அதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கும் சேர்த்துத் திட்டினார். "வாளாத புள்ளய மணவறையில நிறுத்தறயே, நாளைக்கு உம்பட பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்டார். இதற்கு முன்னால் என்றால் தலையைக் குனிந்திருப்பேன். "அவ வாளாதவ இல்லீங்க. இன்னொருத்தன்தான் அவள வாளவிடாதவன். என்ற தங்கச்சி நல்லாத்தான் வாளறா, போய்ப் பாத்துட்டுத்தான் வந்தன்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. பெரியம்மா கல்யாணத்துக்கு வரமாட்டாராம். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூங்கொடி வாசல்வரை வந்து, "எனக்கே சங்கடமாத்தான் இருந்துச்சுங்ணா" என்றாள்.

தேஜஸ்ரீயிடம் இதையெல்லாம் செய்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "இத்தன நாளு எதுக்குங்க யோசிச்சீங்க?" என்று கேட்டாள். கணக்கு டீச்சர், பதில் சொல்லும்வரை விடவில்லை.

அம்மா ராத்திரி சாப்பாடு போடும்போது, "அவ வருவாளாடா?" என்றாள். தெரியவில்லை என்றேன்.

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை அச்சடித்துவிட்டேன். பத்திரிகை பாதி ஊருக்குப் போய்விட்டது. நீ வரவில்லை என்றால் இணைச்சீர் கிடையாது, வேறு யாரும் அந்த முனையைப் பிடிக்க மாட்டார்கள். ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு, என் தங்கச்சி என்மேல் கோபமாக இருக்கிறாள், கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று மைக்கிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

சசிகுமார்

*

நாவன்
15 ஜூலை 2025

அண்ணா,

யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டீர்கள்? வரமாட்டேன் என்று எழுதியவளின் பெயரைப் பத்திரிகையில் அடித்து, சாமி காலடியில் வைத்து, ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, அப்புறம் எனக்கு மெயில் அனுப்புகிறீர்கள். உங்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படிச் செய்யத் தோன்றாது. ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்றுச் சாயங்காலம் கிளப் செயலாளரிடம் போனேன். மேயோ பயணத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். என்ன காரணம் என்றார். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கை ஒரு சேலையின் முனையைப் பிடித்து நிற்க வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதானா, அதற்கா இத்தனை தூரம் என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். ரூட் தாள் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கே காற்று அடிக்கும், எந்த ஊரில் நல்ல டீ கிடைக்கும், எல்லாம் எழுதியிருக்கிறேன். நான் இல்லாமலேயே ஓட்டிக்கொள்வார்கள்.

பெரியம்மாவை அப்படியே விட்டுவிடாதீர்கள். இன்னொரு தடவை போய்க் கூப்பிடுங்கள். வந்தால் வரட்டும். வராவிட்டால், கூப்பிட்டோம் என்றாவது இருக்கட்டும். பூங்கொடியை எனக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள், எனக்குச் சேலை மடிப்பு வைக்க வராது.

சீரும் வேண்டாம், சேலையும் வேண்டாம், சடங்கில் நம்பிக்கை போய்விட்டது என்று ஜூன் மாதம் எழுதினேன். பொய் எழுதினேன் அண்ணா. எனக்கு வேண்டும். என்னைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். கால் மணி நேரம் போதும்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி காலையில் கோயமுத்தூரில் இறங்குகிறேன். காரில் வாருங்கள், சைக்கிளில் வாருங்கள், எதில் வேண்டுமானாலும் வாருங்கள். ஆனால் நீங்களே வர வேண்டும், வேறு யாரையும் அனுப்பக் கூடாது.

தரணி